குடியுரிமைக் கேள்விக்கு வந்த பதில்கள்

எங்கள் படிப்பகத்தின் செயலாளரை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று என் மகள் கேட்கிறாள். எழுதலாம்.

மலாக்காவில், காஜா பேராங் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளித் தகரக் கூரை போட்ட படிப்பகம் ஒன்று இருந்தது. நாளிதழ்கள், ஒரு கேரம் பலகை, சுவரில் ஒரு கேள்விப் பலகை. யார் வேண்டுமானாலும் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பலகையில் ஒட்டுவோம். அடுத்த வாரம் அதே பெட்டியில் பதில்கள் வரும். பெட்டியின் சாவி செயலாளரிடம் இருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். வெள்ளைச் சட்டை, நல்ல தமிழ், நல்ல குரல். அவர் பொறுக்கிக் கொடுக்கும் சீட்டுகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது என் வேலை. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பலகையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பதில்களுக்குத்தான் பஞ்சம். தைப்பிங்குக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டால், பயணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று ஒரு பதில் வரும். குழந்தைக்கு அம்மை ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்டால், ஊசி தேவையா என்று நாலு பேர் சண்டை போடுவார்கள். எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. விஷயம் தெரிந்தவர் யாரும் எழுதுவதில்லை. நானும் சிரித்துக்கொண்டே எழுதி ஒட்டினேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வந்து சில மாதங்களில் நானே ஒரு கேள்வி போட்டேன். அம்மாவும் நானும் மலாக்காவில் பிறந்தவர்கள், குடியுரிமை பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அப்பா கப்பலில் வந்தவர். ஒரு கித்தா கிடங்கில் ரப்பர் கட்டுகளுக்குக் காவலாளி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் எழுதியது இவ்வளவுதான்: “இந்தியாவில் பிறந்து இங்கே இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர் குடியுரிமைக்கு எந்தத் தேதிக்குள் மனு செய்ய வேண்டும்? மலாய்ப் பரீட்சை உண்டா?”

அடுத்த ஞாயிறு செயலாளர் ஆறு சீட்டுகளை என் கையில் கொடுத்தார். தாய்நாட்டை மறப்பது பாவம் என்று ஒன்று. காகிதத்தில் என்ன இருக்கிறது, மனதில் இருந்தால் போதும் என்று ஒன்று. வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்றுகூட ஒன்று. ஆறாவது செயலாளருடையது. “அவசரம் வேண்டாம். காலக்கெடுவை எப்படியும் நீட்டிப்பார்கள். பொறுமையாக யோசித்து முடிவெடுப்பதே தமிழனுக்கு அழகு.”

அதையும் என் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். அப்பா நின்று வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். வீட்டுக்கு வரும் வழியில், “செயலாளரே சொல்லிட்டாரு பாப்பா. விசாரிக்காம எழுதுவாரா?” என்றார். குடியுரிமை அலுவலகம் சைக்கிளில் கால் மணி நேரத் தூரம். நானே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பலகையில் பதில் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதை யார் தலையிலும் கட்டவில்லை.

மெர்டேக்காவின் முதலாண்டு நிறைவுக்குக் கொடி கட்டி, கொடி இறக்கி, சில வாரங்கள் கழித்துத்தான் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த கிராணி, அந்த அலுவலகக் குமாஸ்தா, எங்கள் பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பைச் சேர்ந்த மலாக்காச் செட்டி. பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் நம்மைப் போலவே கோயிலுக்கு வருவார்கள், விபூதி பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். இந்தக் கிராணி சாயங்காலங்களில் படிப்பகத்துக்குக் கேரம் ஆட வருவார். அப்பாவின் தாள்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அபா பாசால் லம்பாட்?” என்றார் மலாயில். ஏன் தாமதம் என்று கேட்கிறார்.

நான் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாங்கள் மலாயில்தான் பேசினோம். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“உங்க கேள்விய எனக்கு ஒருத்தன் வாசிச்சுச் சொன்னான். நானே பதில் எழுதிப் போட்டேனே. வயசானவங்களுக்கு ஒரு வருஷம்தான் சலுகை, அதுக்குள்ள வந்தா பரீட்சை இல்ல, வந்தா நானே எழுதித் தர்றேன்னு. மலாயில எழுதினேன். எனக்குத் தமிழ் எழுத வராது.”

அந்தச் சீட்டு என் கைக்கு வரவே இல்லை.

“உங்க செயலாளருக்குத் தெரியுமே,” என்றார் கிராணி. “அவரு முதல் மாசமே வந்துட்டாரு. அவரோட மனுப் பாரத்தை எழுதினதே நான்தான்.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். கிராணி சொன்னது முழுக்கப் புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே படிப்பகத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செயலாளர் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என் கேள்விக்கு மலாயில ஒரு சீட்டு வந்துச்சா?”

“வந்திருக்கும். தமிழ்ப் படிப்பகத்துல மலாய்ச் சீட்டு எதுக்கு? எடுத்து வச்சிட்டேன்.”

“உங்களுக்குத்தான் மலாய் தெரியுமே. என்ன எழுதியிருந்துச்சு?”

“ஞாபகம் இல்லலா,” என்று மலாய்க்காரர் போல ‘லா’ போட்டு இழுத்தார்.

“நீட்டிப்பாங்கன்னு நீங்க எழுதுனது யார் சொல்லி?”

“அது என் கருத்து. கருத்து சொல்ல எனக்கு உரிமை இல்லையா? உங்கப்பாவை அதக் கேட்டு நடக்கச் சொல்லி நானா சொன்னேன்?”

“நான் கருத்து கேக்கல அண்ணே. நாள் கேட்டேன். பரீட்சை உண்டா இல்லையான்னு கேட்டேன். சரி, நீங்க எப்ப மனு போட்டீங்க? அதையாவது சொல்லுங்க.”

கேரம் ஆடியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவர் எழுந்து நின்றார். “அது என் சொந்த விஷயம். பொம்பளப் பிள்ளை எல்லை மீறிப் பேசக்கூடாது.”

நான் பலகைக்குப் போய் அதிலிருந்த எல்லாத் தாள்களையும் கிழித்தேன். என் கையெழுத்தையே கிழித்தேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் எனக்காகப் பேசவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்பா அவர்களுக்கு நாற்காலி போட்டார், காப்பி கொடுக்கச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டுடு பாப்பா. படிச்ச மனுஷன். தப்பா நெனச்சி எழுதியிருக்க மாட்டாரு.”

“மாட்டேன்ப்பா.”

காப்பியும் நான் போடவில்லை. அம்மா போட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் படிப்பகத்தில் கால் வைக்கவில்லை.

அப்பா பரீட்சைக்கு இரண்டு முறை போனார். பாசாரில் மீன்காரரோடு மணிக்கணக்கில் மலாய் பேசுகிற மனிதர், அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போனார். முதல் முறை சொந்த முகவரியைச் சொல்லத் தடுமாறினார். இரண்டாம் முறை கேள்வியே காதில் விழவில்லை என்றார். மூன்றாம் முறை போக மறுத்துவிட்டார். பின்னாளில் அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான் கிடைத்தது. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கிடங்கு முதலாளி அவருக்காக மனுப் போட விரும்பவில்லை. வேலை போயிற்று. கடைசி வருடங்களில் வாசலில் நாற்காலி போட்டு, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செயலாளரைத் திட்ட ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். “விடு பாப்பா, வாசிச்சது நான்தானே,” என்பார். அப்படிச் சொல்லும்போது அப்பா மீதும் எனக்குக் கோபம் வரும்.

அப்பா இறந்த அன்று செயலாளர் மாலையோடு வந்தார். தலை நரைத்திருந்தது. என் பக்கம் வந்து, “உங்கப்பா அப்பவே ஊருக்குத் திரும்பியிருக்கலாம், நிம்மதியா இருந்திருப்பாரு,” என்றார்.

“யாரும் உங்களைக் கேக்கல. வெளிய போங்க,” என்றேன்.

என் தம்பி அவருக்குக் கொண்டுவந்த நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றான். அவர் மாலையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். உறவுக்காரர்கள் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.