அவனை எந்த ஊருக்கு அனுப்புவது

அவனும் நானும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். மலாக்காப் பக்கம், டுரியான் துங்காலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீடு. அவனுடைய அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை என்று என் அம்மாதான் இரண்டு பேருக்கும் கொடுத்தாள். அப்படிப்பட்டவனை எப்போது கப்பலேற்றி நாடு கடத்துவார்கள் என்று காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நான் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போது ஒரு வாய் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. வாசலில் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். அத்தனை காவலையும் தாண்டிக் காட்டிலிருந்தவர்களுக்கு அரிசி போனது. கொண்டுபோனது அவன்தான் என்று லயத்துக்கே தெரியும், வாய் திறக்கத்தான் ஆளில்லை. என் வீட்டுக்காரர் அங்கே மண்டோர், வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர். ஒரு சாயங்காலம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“மச்சான், நாளைக்கு ஆளுங்கள வேலைக்குக் கூப்புடாதீங்க. மீறிக் கூப்புட்டா அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.”

இவரா கேட்பார்? விடிந்ததும் கூப்பிட்டார். அன்றைக்கே ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீடு எரிந்தது. உள்ளே புகுந்து ஷீட்டை இழுத்துப் போட்டவருடைய வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நெருப்பு வைத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வாசலில் நின்று அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன்.

போலீஸ் அவனைப் பிடித்துக் கொண்டுபோனது. இந்தியாவுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்றார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அவன் போனபாடில்லை. மலாக்கா பாசாருக்குப் போய்வருகிறவர்களிடமெல்லாம் கப்பல் போய்விட்டதா என்று கேட்பேன். போய்விட்டது, அவன் அதில் இல்லை என்பார்கள். மரத்தில் கத்தியை வைத்தபடி திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பட்டை தாண்டிக் கத்தி இறங்கி மரத்துக்குக் காயம் விழும். கணக்கு பார்க்கும் கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவன் போகாததற்குக் காரணம் அவனுடைய வாய்தான். எங்கே பிறந்தாய் என்று விசாரணையில் கேட்டதற்கு, துறையூர்ப் பக்கம் என்று சொல்லியிருக்கிறான். எங்கள் லயத்தில் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். அப்பா கப்பலேறிய ஊர்தான் பிள்ளைக்கும் ஊர். கடலைப் பார்க்காத நானும் துறையூர்க்காரிதான். அவன் சொன்னதை நம்பி நாடு கடத்த உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்த ஊரில் விசாரித்தால் அப்படி ஒருவனை யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஆளை எந்த நாடு இறக்கிக்கொள்ளும்? இங்கேயும் அவன் பிறந்ததை யாரும் பதிந்து வைக்கவில்லை. அறிந்த பெரியவர்களில் பாதிப் பேரைச் சயாமில் போட்ட ரயில் பாதை தின்றது, என் அம்மாவோடு மீதிப் பேரை ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சல் தின்றது.

கடைசியில் போலீஸ் என் வீட்டுக்காரரிடம் வந்து கேட்டது. இவர் நிஜமாகவே இந்தியாவில் பிறந்து, சிறு வயதில் கப்பலில் வந்தவர்.

“எங்கூட ஒரே கப்பல்லதான் சார் வந்தான்,” என்று கண்ணிமைக்காமல் சொன்னார்.

“ஏங்க இப்புடிப் பொய் சொன்னீங்க?” என்று அவர்கள் போனதும் கேட்டேன்.

வெந்த கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதக் கேளு.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷத்தையும் அவனே கெடுத்தான். அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்தபடி, நான் இங்கே பிறந்தவன், அவளைக் கேளுங்கள் என்று என்னைக் கைகாட்டிவிட்டான். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! என் புருஷன் கையை வேக வைத்தவன், எந்த முகத்தோடு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்? மலாக்காவுக்குப் பஸ்ஸில் போகும்போது, “கப்பல்னு சொல்லிட்டு வா லா, தொல்ல விட்டுச்சு,” என்றார் இவர். சரி என்றேன். நான் மாற்றிச் சொன்னால் பொய் சொன்னவராக இவர் மாட்டிக்கொள்வார். இவரையல்லவா கப்பலேற்றுவது சுலபம்!

இவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். கப்பல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எங்க லயத்துலதான். எங்கம்மாதான் ரெண்டு பேருக்கும் பால் குடுத்தாங்க,” என்று வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் என்னையே பார்த்தார். “அம்மா, வடிவாக் கேளுங்கோ. நீங்கள் இப்பிடிச் சொன்னால் அவன் போகமாட்டான். ஒரு நாளைக்கு உங்கட தோட்டத்துக்கே திரும்பி வருவான். பயமில்லையோ?”

“பயமாத்தான் இருக்கு. அதுக்காக எங்கம்மா பாலே குடுக்கலன்னு சொல்ல முடியுமாங்க?”

“உங்கட மனுசன் கப்பலிலை கண்டதெண்டு சொன்னவரே?”

“அவரு சின்னப் புள்ளையா வந்தவருங்க. வாந்தி எடுத்துச் சுருண்டு கெடந்தாராம். கப்பல்ல யாரு இருந்தா, யாரு இல்லேன்னு அவருக்கு என்னா தெரியும்?”

அதைக் கேட்டு வெள்ளைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நடந்ததைச் சொன்னதும் இவர் முகம் கறுத்துப்போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். நெடுநாள் வரை என்னோடு பேச்சில்லை. கை விளங்காத மனிதருக்குச் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவசரகாலம் தளர்ந்த பிறகு முகாமிலிருந்து விட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னபடியே அவன் தோட்டத்துக்குத்தான் வந்தான், பாதி உடம்பாக. எங்கள் வாசலில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, “மச்சான், கை எப்படி இருக்கு?” என்றான். அந்நேரம் புதிதாக வந்திருந்த கிராணி அந்தப் பக்கம் போனவர், யார் இது, எந்த ஊர் என்று விசாரித்தார்.

அவன் நிமிர்ந்து நின்று, “எங்க ஊரு துறையூர்ப் பக்கம்ங்க,” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடப்பாவி, உன்ன அன்னைக்கே கப்பலேத்தி இருக்கணும்டா!” என்று கத்தினேன். இவர் முதலில் முறைத்தார். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவனுக்கும் ஒரு காப்பி போடச் சொன்னார்.

போட்டுக் கொடுத்தேன். அவன் போனதும் கதவைத் தாழிட்டேன். தாழ் விழுந்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.