கண் கிணறு

என் மனைவி கர்க்லாண்டில் பாடசாலை பஸ் ஓட்டியவள். எவ்வளவு பனி கொட்டினாலும் ஒருநாள்கூடப் பிந்தாதவள். ஒரு மார்ச் மாதக் காலையில் பஸ்ஸைத் திருப்பும்போது வீதியோரத் தபால்பெட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டாள். நல்லவேளை, பிள்ளைகளை ஏற்றுவதற்கு முதல் நடந்தது. பெட்டி கண்ணில் படவே இல்லை என்று சொன்னாள். களைப்பாக்கும் என்று நான் நினைத்தேன். கண் வைத்தியர் வேறு சொன்னார். விழித்திரை ஓரங்களிலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, நடுவில் மிஞ்சியிருக்கும் பார்வையும் சில வருடங்களில் போய்விடும், மருந்து கிடையாது. அதோடு அவள் பஸ் ஓட்டுவது நின்றது.

அவள் மன்னாரில் பிறந்தவள். பாம்பு கடித்தால் மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற குடும்பம். நான் யாழ்ப்பாணத்தான், ஞாயிறு பூசைக்குப் போவேன், அவ்வளவுதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நாங்கள் பூசைக்குப் போகும் கோயிலில் அயர்லாந்தில் பிறந்த ஒரு அம்மா இருந்தார், ஓய்வுபெற்ற தாதி. தங்கள் ஊர்ப்பக்கம் கண் வருத்தத்துக்கென்றே புனிதக் கிணறுகள் இருப்பதாக அவர்தான் மனைவியிடம் சொன்னார். கிணறு என்றால் எங்கள் ஊர்க் கிணறு மாதிரி ஆழமானதில்லை. நிலத்தில் ஊறும் ஊற்று, சுற்றிவரக் கல் அடுக்கியிருக்கும், பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அயர்லாந்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவள் போகத் தீர்மானித்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது.

அவளை மறிக்க நியாயம் தேடித்தான் அந்தக் கிணறுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க விட முடியவில்லை. அந்தத் தண்ணீரை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் கொதிக்காதாம். யாராவது அழுக்குத் துணி துவைத்தால் கிணறு கோபித்துக்கொண்டு பக்கத்து வயலுக்கு இடம் மாறிவிடுமாம். சில கிணறுகளில் ஒரு மீன் இருக்கிறதாம். அதைக் கண்டவருக்கு வேண்டுதல் பலிக்குமாம். எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு கதையை மட்டும் தாண்டிப் போனேன். ஒருவன் தன் குருட்டுக் குதிரையைக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரால் கண்ணைக் கழுவினான். குதிரைக்குப் பார்வை வந்தது, அவனுக்குப் போனது.

மே மாதம் அயர்லாந்துக்குப் போனோம். தாதி அம்மா நான்கு கிணறுகளுக்கு வழி எழுதித் தந்திருந்தார். முதலாவதைச் சீமெந்தால் மூடிக் குழாய் வைத்திருந்தார்கள், திருகினால் தண்ணீர் வரவில்லை. இரண்டாவதில் மாடுகள் மிதித்த சேறு. மூன்றாவதன் பக்கத்தில் ஒரு முள்மரம் நின்றது. கிளை முழுக்கத் துணிக்கிழிசல்கள், செபமாலைகள், குழந்தைகளின் காலுறைகள், ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிடும் பட்டிகள். மனைவி தன் சால்வையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள். ஆடு பார்க்க வந்த வயல்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டிய துணி உக்கி மண்ணானால்தான் வருத்தமும் போகும், இது நைலோன், உக்காதே என்று தயக்கத்துடன் சொன்னார். அவள் அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. என்னுடைய பருத்திக் கைக்குட்டையை அதற்குப் பக்கத்தில் கட்டிவிட்டு வந்தோம்.

நான்காவது கிணறு கடலைப் பார்த்த சரிவில், தனியே, தெளிந்த தண்ணீரோடு இருந்தது. வலப்பக்கமாக ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை பிழைக்காமலிருக்க ஏழு கூழாங்கற்களைக் கையில் எடுத்து, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டாள். ஈரப் புல்லில் இரண்டு முறை வழுக்கினாள். நான் கை கொடுத்ததை வாங்கவில்லை. பிறகு முழங்காலில் நின்று மூன்று தரம் கண்களைக் கழுவினாள். முகம் குளிரில் சிவந்துபோயிற்று.

"இஞ்சருங்கோ, மீன் தெரியுதே?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். அடியில் உக்கிய இலைகளும் இரண்டொரு நாணயங்களும் கிடந்தன.

"ஓம், தெரியுது."

"எந்தப் பக்கம்?"

அவளுடைய விரலைப் பிடித்து ஒரு கல்லின் நிழலைக் காட்டினேன். அவள் மூக்கு தண்ணீரில் முட்டும் அளவுக்குக் குனிந்து, எனக்குக் கால் விறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மிஞ்சிய அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவளுக்குக் கல்லும் இலையும் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஒண்டும் காணேல்லை. நீங்களும் காணேல்லை."

உம்மைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னேன் என்றேன்.

"எனக்கு இனி உங்கட கண்தானே. அதுவும் பொய் சொன்னா நான் ஆரை நம்பிறது?"

அவள் அழவில்லை. கோபமாகவும் இல்லை. காருக்கு நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். குதிரைக் கதையை அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த இலையுதிர்காலத்துப் பரிசோதனையில் பார்வை இன்னும் ஒடுங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும். தாதி அம்மா கோயிலில் எங்களைக் கண்டால் மனைவியின் கையைப் பிடித்துவிட்டுப் போவார். மனைவி வெள்ளைத்தடி பிடித்து நடக்கப் பழகிவிட்டாள். பூசைக்கும் வருகிறாள். ஆனால் எதற்காகவும் நேர்த்திக்கடன் வைப்பதில்லை.

வீட்டில் நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. மழை பெய்யுதா என்று கேட்பாள், இல்லை என்பேன், கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலில் சப்பாத்துப் போடுவாள். போன கிழமை மெட்ரோவுக்குப் போகும் சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது. "விழுந்திட்டுது, வாரும்" என்றேன். அவள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற சனங்களின் காலடிச் சத்தம் வீதியில் இறங்கிய பிறகுதான் தடியை முன்னே வைத்தாள். நான் பின்னால் நடந்தேன்.