நடுப்பிரிவில் எது பெரிது

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரி என்னை ஒருநாளும் உதைபந்தாட்ட அணியில் சேர்த்ததில்லை. பிராங்பேர்ட்டுக்கு வந்து, தலைமுடி பாதி கொட்டிய பிறகு, அதன் பழைய மாணவர் சங்கம் சேர்த்துக்கொண்டது. விளையாடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆட்களை ஏற்றிப்போக வான் வண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். இருந்தது. நான் வலதுபக்கப் பின்கள வீரனானேன்.

ஜேர்மனி முழுக்கச் சிதறிக் கிடந்த யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கோடையில் மோதிக்கொள்ள ஒரு போட்டித்தொடர் இருந்தது. மேல்பிரிவில் பெரிய கல்லூரிகள். கீழ்ப்பிரிவில் கொத்துரொட்டிக்காக வருகிறவர்கள். இடையில் நடுமேற்கு, நடுத்தெற்கு என்று இரண்டு பிரிவுகள். மேலே போகும் வலுவும் கீழே இறங்கும் அடக்கமும் இல்லாத நாங்கள் நடுத்தெற்கில் இருந்தோம்.

எல்லாம் அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மேல்பிரிவில் இருந்த ஒரு பெரிய கல்லூரியின் சங்கம், ஆண்டுவிழாவில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்ற தகராறில் இரண்டாகப் பிளந்தது. நிர்வாகக்குழு இரண்டு பாதிகளையும் தண்டித்து, ஒன்றை நடுமேற்கிலும் மற்றதை நடுத்தெற்கிலும் இறக்கியது. கோல் போடுகிறவர்கள் மேற்கே போனார்கள். தலைவரும் செயலாளரும் எங்களிடம் வந்தார்கள். பிறகு சமநிலை வேண்டும் என்று மற்ற அணிகளையும் கலைத்துப் போட்டார்கள். தெற்கே இருக்கும் ஸ்ருட்காட் அணி மேற்காயிற்று, மேற்கே இருக்கும் டோர்ட்முண்ட் அணி தெற்காயிற்று. குழுவில் இருந்த ஒருவர்கூடத் தன் கல்லூரியில் புவியியல் படிக்கவில்லை போலும்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: இரண்டு நடுப்பிரிவுகளில் எது பெரிது?

என் மனைவியின் அண்ணன் பான் நகரில் இருந்தார். வேறு கல்லூரி, நடுமேற்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் தொலைபேசி அடிக்கும்.

"மச்சான், உங்கடை தெற்கிலை இப்ப ஆர் மிச்சம், சொல்லு பாப்பம்? இருந்த ஒரு நல்ல ரீமும் எங்களிட்டை வந்திட்டுது."

"வந்த ரீமின்ரை கோல்கீப்பருக்கு முழங்காலிலை ஒப்பறேசன், தெரியுமோ?"

"முழங்கால் இல்லாமலே அந்தாள் உங்கடை கோல்கீப்பரை விடத் திறம்."

அவரிடம் ஒரு கணக்குமுறை இருந்தது. எங்களை வென்ற அணியை வேறொரு அணி வென்றிருக்கும். அந்த அணியோடு மேற்குக்காரர் எப்போதோ மழையில் சமன் செய்திருப்பார்கள். ஆகவே மேற்கு பெரிது. ஒரு சிறுமியின் சாமத்தியச் சடங்கில் மேசைமேல் றோல்ஸை மேற்காகவும் வடையைத் தெற்காகவும் அடுக்கி இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் சாப்பாட்டு வரிசை காத்து நின்றது.

"அண்ணை, அதைச் சனத்துக்குத் தின்னக் குடுங்கோ," என்றாள் என் மனைவி.

அது உலகக்கிண்ணம் ஜேர்மனியில் நடந்த கோடை. உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் எங்கள் வீட்டிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இரண்டு நடுப்பிரிவுகளும் தங்கள் தங்கள் சிறந்த பதினொருவரைத் தெரிந்து ஒரேயொரு ஆட்டத்தில் விஷயத்தை முடித்துக்கொள்வது என்று தீர்மானமாகியிருந்தது. தெற்கின் சிறந்த பதினொருவரில் நானும் இருந்தேன். வானைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நடுநிலைக்காக ஒரு ஜேர்மன் நடுவரை அமர்த்தியிருந்தார்கள். நாங்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்ததை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, மிகப் பணிவாக, "இதில் எது முதியோர் அணி?" என்று கேட்டார். இரண்டுமே தெரிவுசெய்யப்பட்ட சிறந்த வீரர்கள் என்றேன். "அப்படியா," என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மச்சான் அவர்களது இடதுபக்க முன்கள வீரர். அதாவது எனக்கு நேர் எதிர். முதல் முறை பந்தோடு வந்தார்; நான் தடுக்கப் போவதற்குள் பந்து தானாகவே வெளியே போயிற்று. இரண்டாம் முறை இருவரும் ஓடி, இருவரும் நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினோம். மூன்றாம் முறை, நான் இன்னும் நாலு பாகத் தூரம் தள்ளி நிற்கும்போதே, அவர் சுடப்பட்டவர்போல விழுந்தார்.

"பாத்தியளோ! இதுதான் தெற்கின்ரை விளையாட்டு! காலிலை அடிச்சுப்போட்டான்!"

நடுவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்த வெறும் புல்லைப் பார்த்தார். மச்சானின் குதிக்கால் நரம்பு தானாக அறுந்திருந்தது. கிட்டப்போனபோது அவருடைய முகம் சாம்பல் நிறமாயிருந்தது. முதல்தடவையாக எனக்கு மேற்குமில்லை, தெற்குமில்லை. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அம்புலன்ஸ்காரர்கள் ஏற்றும்போது தலையை நிமிர்த்தி, "பந்து கூடநேரம் எங்களிட்டைதான் இருந்தது, அதை எழுதுங்கோ," என்று குழுவிடம் கத்தினார். கோல் எதுவும் விழாமலே ஆட்டம் நின்றுபோனது.

ஒப்பறேசன் முடிந்து நான் பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது.

"ஆர் வெண்டது?"

"சமன்தான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேற்குதான். நாங்கள் ஒரு ஆள் குறையவெல்லோ நிண்டனாங்கள்."

அந்தக் குளிர்காலத்தில் அணிகள் போதவில்லை என்று குழு இரண்டு நடுப்பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டது. சண்டை போட இனி மற்றப் பிரிவே இல்லை. நான் நிம்மதியானேன். ஆனால் மச்சான் உண்மையிலேயே உடைந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. "அண்ணை ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லையாம், சாப்பாடும் இறங்குதில்லையாம்," என்று மனைவி சொன்னாள். நானாக எடுத்துப் பேசினால் காலநிலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரண்டு நடுத்தரங்களில் ஒன்று மற்றதைவிட மேல் என்று நிரூபிப்பதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு உயிர் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. குரலில் பழைய தெம்பு.

"மச்சான், சுவிசிலையும் ஒரு நடுப்பிரிவு இருக்குதாம். அவை தங்கடை பிரிவு எங்கடையிலும் பாக்கத் திறம் எண்டு சொல்லித் திரியினமாம்."

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன். கோபம் உண்மையாகவே வந்தது.