பெலூசாவைச் சுற்றக் கூடாது

பெரு நாட்டில், எங்கள் உவான்காயோ ஆற்றங்கரைப் பூங்காவில் செனோவியாவிடம் திட்டு வாங்காதவன் யாராவது இருந்தால், அவன் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பான். டிக்கெட் கிழிப்பவன், பஞ்சுமிட்டாய்க்காரன், நிர்வாகி தோன் அபுந்தியோ, எல்லோருக்கும் பங்கு உண்டு. எனக்கு இரட்டைப் பங்கு. அவள் கடைக்குப் பக்கத்திலேயே பெரிய கோப்பைகளில் ஆட்களை உட்கார வைத்துச் சுழற்றும் கோப்பை ராட்டினம் ஓட்டுகிறேன் என்பது ஒன்று. அவள் என் மகளுக்கு ஞானத்தாய் என்பது இன்னொன்று. அந்த உறவில் நான் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் எனக்குக் கொமாத்ரே. கோயிலில் வைத்து ஏற்பட்ட சொந்தம், திருப்பித் திட்டவும் முடியாது.

அவள் நடத்துவது குய் ஆட்டம். கினிப்பன்றியை நாங்கள் குய் என்போம், அது கத்துவதும் அப்படித்தான். தரையில் வட்டமாக இருபது குட்டி மரவீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், கூரையில் ஒரு எண். ஒரு சோல் காசு கொடுத்து உங்களுக்குப் பிடித்த எண்ணை வாங்கிக்கொள்ளலாம். வட்டத்தின் நடுவில், ஒரு சுழல்பலகைமேல் கவிழ்த்த பெட்டிக்குள் குய் இருக்கும். பெட்டியைப் பலகையோடு சேர்த்து நன்றாகச் சுற்றிவிட்டு, கயிற்றை இழுத்துப் பெட்டியைத் தூக்குவார்கள். குய் மிரண்டுபோய் ஏதாவது ஒரு வீட்டுக்குள் பாயும். அந்த எண்ணை வாங்கியவருக்குப் பிளாஸ்டிக் பேசினோ, எண்ணெய் பாட்டிலோ, சோப்புக் கட்டோ கிடைக்கும். தன் வீட்டுப் பக்கம் விரட்ட ஒவ்வொருவனும் விசிலடிப்பான், தரையை உதைப்பான். பூங்காவிலேயே அதிகச் சத்தம் அங்கேதான்.

செனோவியாவை இரக்கமே உருவானவள் என்று நினைத்துவிட வேண்டாம். பண்டிகை வந்தால் குய்யைத் தானே அறுத்து, மசாலா தடவி, தோல் மொறுமொறுக்க வறுத்து என் தட்டில் வைப்பாள். மிச்சம் வைத்தால் அதற்கும் திட்டு.

அப்படிப்பட்டவள் சுதந்திர தின விடுமுறையில் ஒருநாள், கூட்டம் அலைமோதும் நேரத்தில் கடையை மூடிவிட்டாள். காரணம் பெலூசா. செம்பட்டையும் வெள்ளையுமாக, தலையில் சுழிசுழியாக மயிர் நிற்கும் பெட்டைக் குய். காலையிலிருந்து சுற்றிச் சுற்றி விட்டதில், பெட்டியைத் தூக்கியதும் அது ஓடவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வட்டமடித்தது, பிறகு பொத்தென்று விழுந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செனோவியா சிரிக்கவில்லை. அதை வாரியெடுத்து, முதுகில் கட்டிக்கொள்ளும் துணியில் சுற்றி, மாடுகளுக்கு ஊசி போடும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சில நாளில் பெலூசா தேறிவிட்டது. ஆனால் கடையில் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. குய்யைச் சுற்றக் கூடாது. யாரும் விசிலடிக்கக் கூடாது. மூன்று குய்கள் மாறி மாறித்தான் வேலை செய்யும், மற்ற நேரம் வைக்கோலில் படுத்து குதிரைமசால் தழை தின்னும். என் வேலையில்கூட அவ்வளவு ஓய்வு கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சுற்றுவது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. சுற்றினால்தான் குய்க்குத் திசை தெரியாது, ஆட்டத்தில் கள்ளம் இல்லை என்று ஜனங்கள் நம்புவார்கள். தோன் அபுந்தியோ நேரில் வந்து அதைத்தான் சொன்னார்.

"சுத்தாம விட்டா, பழக்கி வச்ச வீட்டுக்கு அனுப்புறான்னு சொல்லுவாங்க செனோவியா."

"எனக்குப் பழக்கத் தெரிஞ்சா முதல்ல உங்களைப் பழக்கியிருப்பேன் தோன் அபுந்தியோ. பூங்கா கக்கூஸாவது சுத்தமா இருந்திருக்கும்."

"வாய் மட்டும் குறையாது. நாம வறுத்துத் திங்கிற பிராணிம்மா அது. அதுக்குத் தலை சுத்துனா என்ன, சுத்தலேன்னா என்ன?"

"திங்கிறது வேற. திங்கிறதுக்கு முன்னால யாரும் அதைக் கிறுகிறுக்க வச்சுக் கைகொட்டிச் சிரிக்கிறதில்ல."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை நானே வந்து நிப்பேன். சுத்தாம ஆட்டம் ஒழுங்கா நடந்துச்சுன்னா உன் இஷ்டம். நடக்கலேன்னா இந்த இடம் பலூன் சுடுறவனுக்கு."

அவர் போனபிறகு அவள் என் டிக்கெட் கூண்டுக்கு வந்து நின்றாள். "கொம்பாத்ரே, இந்தக் கடையை விட்டா எனக்கு வேற பொழப்புத் தெரியாது. ஆனா அதைச் சுத்த எனக்குக் கை வராது" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கலக்கமாகிவிட்டது.

ஞாயிறு வந்தது. தோன் அபுந்தியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் முன்வரிசையில் கிரிசாந்தோ. உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன், வாராவாரம் பதினாலாம் எண்ணை வாங்கி வாராவாரம் தோற்கிறவன், அதற்கேற்ற தொண்டை.

"சுத்து! சுத்தாம விட்டா அது ஆட்டமா? ஊரை ஏமாத்துறியா?" என்று அவன் ஆரம்பிக்க, மற்றவர்களும் "சுத்து, சுத்து" என்று பிடித்துக்கொண்டார்கள்.

செனோவியா இடுப்பில் கையை வைத்தாள். "சரி, சுத்திருவோம். முதல்ல உங்களை. அதோ என் கொம்பாத்ரேயோட கோப்பையில ஒரு சுத்து சுத்திட்டு வந்து, நேரா உங்க பதினாலாம் வீட்டு முன்னால நில்லுங்க. நின்னுட்டா இந்தக் கடையில இருக்கிற சோப்பு மொத்தமும் உங்களுக்கு."

கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கிரிசாந்தோவைத் தள்ளிக்கொண்டு வந்து கோப்பையில் உட்கார வைத்தார்கள். குழந்தைகளுக்கு நான் பாதி வேகத்துக்கு மேல் வைப்பதில்லை. கிரிசாந்தோ குழந்தை இல்லையே! நெம்புகோலைக் கடைசிவரை தள்ளினேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு தன் தாயாரைக் கூப்பிட்டான், பிறகு சத்தமே வரவில்லை.

இறங்கியவன் பதினாலாம் வீட்டை நோக்கித்தான் புறப்பட்டான். கால்கள் சம்மதிக்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அரை வட்டமடித்து, அடுக்கி வைத்திருந்த பேசின்கள்மேல் தடாலென்று விழுந்தான். பூங்காவே அதிரச் சிரித்தது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்டியம்மா, குய்யைச் சுத்த வேண்டாம், சும்மாவே விடு" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நான் மூச்சுவிட்டேன். செனோவியா கயிற்றை இழுத்தாள், பெட்டி மேலே போனது.

பெலூசா அப்படியே உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டாத விஷயம் அது. இத்தனை வருஷமாகக் குய் ஓடியது பயத்தில். சுற்றலும் இல்லை, விசிலும் இல்லையென்றால் அது எதற்கு ஓட வேண்டும்? முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்தது. காதைச் சொறிந்தது. பிறகு ஆற அமர எழுந்து, இருபது வீடுகளையும் விட்டுவிட்டு, நேராக செனோவியாவின் காலடிக்குப் போய், அவள் பாவாடை மடிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

எவருக்கும் பரிசு இல்லை. "இது என்ன ஆட்டம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். தோன் அபுந்தியோ கட்டிய கையைப் பிரித்தார். செனோவியா குனிந்து பெலூசாவை எடுத்தாள். அவள் முகத்தில் பெருமையும் கிலியும் ஒன்றாக இருந்தன. அது தன்னிடம் வந்ததுதான் தன் பிழைப்பைக் கெடுக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கவிழ்ந்த பேசின்மேல், முகம் வெளிறி உட்கார்ந்திருந்த கிரிசாந்தோதான் வாய் திறந்தான். "சென்யோரா, நீங்க இங்க நிக்கிற வரைக்கும் அது வேற வீட்டுக்குப் போகாது. தலை சுத்தினப்ப எனக்கே எங்கம்மா நினைப்புதான் வந்துச்சு. நீங்க கொஞ்சம் மறைஞ்சுக்குங்க."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெலூசாவைப் பெட்டிக்குள் விட்டாள், கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். "மெதுவா இழுங்க. வெடுக்குன்னு இழுத்தா உங்களை மறுபடி கோப்பையில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டு, என் கூண்டுக்குள் வந்து டிக்கெட் பலகைக்கு அடியில் குந்திக்கொண்டாள்.

கிரிசாந்தோ கயிற்றை இழுத்தான். பெலூசா வெளியே வந்தது. "குய், குய்" என்று கூப்பிட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அவ்வளவு கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது எட்டாம் வீட்டு வாசலில் மூக்கை நுழைத்ததும் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். அது அங்கே முகர்ந்துவிட்டு நகர்ந்தது. ஒருவன் ஐயோ என்றான், பக்கத்தில் நின்றவள் அவன் வாயைப் பொத்தினாள். கடைசியில் பெலூசா மூன்றாம் வீட்டுக்குள் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தக் கிழவியின் எண். பேசினை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் ஓர் ஆட்டம் போட்டாள்.

"இன்னொரு தரம்!" என்றது கூட்டம். தோன் அபுந்தியோ ஒரு சோலை எடுத்து ஆறாம் எண்ணை வாங்கினார்.

பலகைக்கு அடியிலிருந்து செனோவியா என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னைத் தேடுச்சா, கொம்பாத்ரே?"

"தேடுச்சு கொமாத்ரே. நல்லாத் தேடுச்சு."

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. கயிறு கிரிசாந்தோ கையில், செனோவியா என் கூண்டில். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதே கேள்வி, அதே பதில். மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பதில் மாறியது.

"இல்ல கொமாத்ரே. வெளிய வந்துச்சு, மூஞ்சியைத் துடைச்சுக்கிச்சு, ஏதோ சொந்த வீடு மாதிரி ஒன்பதாம் வீட்டுக்குள்ள போயிருச்சு. யாரையும் தேடல."

"நல்லதுதான்" என்றாள். "பயம் விட்டுப்போச்சு, அதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நான் ராட்டினத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"நன்றி கெட்ட கழுதை. இன்னைக்கு அதுக்குக் கேரட் கிடையாது" என்றாள்.

திரும்பிப் பார்த்தால், பையிலிருந்து கத்தியையும் கேரட்டையும் எடுத்து, கடிக்கத் தோதாக மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.