முகமில்லாத உறுப்பினர்

என் தங்கை வரைந்த இந்தப் படக்கதையைப் பற்றிக் கல்முனைச் சந்தை வரையில் பலவாறாகப் பேசிக்கொள்கிறார்கள். படத்தைக் காணாதவர்களே மிகுதியாகப் பேசுகிறார்கள். ஆகவே, கண்ணாற் கண்டதையும் உரியவர் வாயாற் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். எல்லோரும் அயலவர்கள் என்பதாற் பெயர்களை விடுத்தேன்.

என் தங்கை வீட்டிலேயே தையல் தைப்பவள். நோன்புப் பெருநாளுக்கு முந்திய மழையில் நாங்கள் கான் என்று சொல்லும் வீதியோர வடிகால் அடைபட்டு, ஊத்தைத் தண்ணீர் அவளது தையலறைக்குள் புகுந்தது. ஊரார் தந்த பெருநாள் துணிகள் கட்டிலின்மேல் ஏறின. உரிய நாளில் தைத்துக் கொடுக்கத் தவறினால், இனி எவரும் அவளிடம் துணி தரமாட்டார்கள். உள்ளூராட்சி மன்றத்தில் முறையிட்டாள். “நாளைக்குப் பாப்பம்” என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அதன் பிறகுதான் வரைந்தாள்.

நான்கு கட்டங்கள். வெள்ளைச் சட்டை அணிந்த மன்ற உறுப்பினர் ஒருவர் இடுப்புச் சாரனைத் தூக்கிப் பிடித்தபடி கானைக் கடக்கிறார். தண்ணீர் உயர உயரச் சாரனும் உயர்கிறது. உயிருள்ளவற்றின் முகத்தை வரையாதிருப்பது தங்கையின் மார்க்கப் பேணுதல். ஆதலால் நான்கு கட்டங்களிலும் அவரது முதுகு மட்டுமே தெரிந்தது. வசனம் எழுதும் பொறுப்பு எனக்கு. “கழிவுநீர் பெருக்கெடுத்தோடும் இவ்வவலநிலை கண்டு” என்று தொடங்கினேன்.

“காக்கா, இத எழுதினா படத்துக்கு எடமில்ல,” என்று அண்ணனான என்னிடம் சொன்னவள், எல்லாக் கட்டத்திலும் “நாளைக்குப் பாப்பம்” என்று தானே எழுதி, அயலவர் வாட்ஸ்அப் குழுவில் இட்டாள்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வட்டார உறுப்பினர் வந்தார்.

“என்ட முதுக ஏன் தங்கச்சி வரைஞ்ச?”

“அதுல மொகமே இல்லியே ஹாஜியார்!”

“மொகம் என்னத்துக்கு? என்ட பொஞ்சாதியே பாத்த ஒடன நீங்கதான் எண்டுட்டா.”

அவர் இருக்கும்போதே எதிர்க்கட்சி உறுப்பினரும் வந்து சேர்ந்தார். “அது நான்தான் எண்டு ஊரே கதைக்கிது புள்ள.”

“நீங்க சும்மா இரிங்க. அது நான்,” என்றார் முதலாமவர்.

“ஒங்கட முதுகு இவ்வளவு அகலமா?”

இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லப் பணித்துத் திரும்பி நின்றனர். எனக்கு வேறுபாடு புலப்படவில்லை. இறுதியில் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டி, “இவர்ர மொகத்த வரைஞ்சி உடு, ஊர் என்னச் சொல்லாது, பிரச்சினை முடிஞ்சிரும்,” என்றனர்.

“மொகம் வரையமாட்டன்,” என்றாள் தங்கை. “கான் ஓடினா அடுத்த படத்துல கான மட்டும் வரையிறன். ஓடாட்டி, ரெண்டு முதுகு.”

மறுநாட் காலையில் பெக்கோ இயந்திரம் வந்து கானைத் தோண்டியது. நண்பகல் லுஹர் தொழுகைக்குள் தையலறை வற்றிவிட்டது. தங்கை பெருநாள் உடுப்புகளை உரிய வேளையிற் கொடுத்து முடித்தாள்.

பெக்கோவை அனுப்பியவர் தாமே என்று இரு உறுப்பினரும் தனித்தனியே என்னிடம் கூறினர். எவர் அனுப்பினார் என்பதை உறுதிசெய்ய என்னால் இயலவில்லை. அந்த முதுகு எவருடையது என்று தங்கையிடம் கேட்டேன், அவள் அடுத்த துணியை விரித்து வெட்டத் தொடங்கினாள். ஆகவே அதுவும் எனக்குத் தெரியாது.