பொட்டாசியத்தின் கடைசிப் புள்ளி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் வேறொன்றில் புகுந்துவிடுவேன். பாதி மறந்தும் போய்விட்டது. எழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் முள் வெட்டினோம். முள் மேலெல்லாம் கோவைக்கொடி. பிடித்து இழுத்ததும் உள்ளங்கை பச்சையாகி, அந்த வாசனை வந்தது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவள், "இன்னாக்கா, கொடிய மோந்து பாத்துக்கினு கீற? கொயம்பு வெக்கப் போறியா?" என்றாள். எனக்கு அது குழம்பு வாசனை இல்லை. கரும்பலகை வாசனை.

பலகை வெளுத்துப்போனால் கோவை இலையைக் கசக்கி, அடுப்புக்கரியை நுணுக்கி, இரண்டையும் சேர்த்துத் துணியால் தேய்க்க வேண்டும். காய்ந்தபின் காக்கை இறகு மாதிரி மின்னும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அது என் வேலை. பெருக்குவதும், பானையில் தண்ணீர் நிரப்புவதும், மணி அடிப்பதும்கூட. நாற்பது வயது ஆகவில்லை, அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் என்னை ஆயா என்றார்கள். அந்த வேலைக்கு அதுதான் பெயர். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வயதே வந்து அதைச் சரிசெய்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஒரு டீச்சர் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனார்கள். தற்காலிகமாக வைத்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, பெரிய குரல். என்னைவிடச் சின்னவர்கள், அந்தக் கட்டடத்தில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

வருஷா வருஷம் 'அணு அமைப்பு' என்ற பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளை வெளியே ஓட்டிக்கொண்டு வருவார்கள். விளையாட்டுக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளால் மைதானத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவில் சிலரை நிறுத்தி, "நீங்க புரோட்டான், நீங்க நியூட்ரான், அசையக் கூடாது" என்பார்கள். மற்றவர்கள் எலக்ட்ரான், வட்டத்தில் சுற்ற வேண்டும். எலக்ட்ரானாவதற்கு அடிதடி நடக்கும். நடுவில் நிற்க யாருக்கும் இஷ்டமில்லை.

"நியூட்ரான் இன்னா டீச்சர் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. எடை மட்டும் குடுக்கும்."

"எங்க நைனா மாரி டீச்சர். வூட்ல ஒண்ணும் பண்ணாது. கனமா குந்திக்கினு கீது."

இதைச் சொன்னது பரிமளா. நெட்டையான பெண். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, வாயில்தான் வைத்திருப்பாள். இவள் பின்னால் வருவாள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வகுப்பறையில் அதையே பலகையில் போடுவார்கள். நான் அந்த நேரத்துக்குத்தான் ஒன்பதாம் வகுப்பு வராந்தாவைப் பெருக்குவேன். அந்த வராந்தா அளவுக்குச் சுத்தமான வராந்தா நம் தாலுக்காவிலேயே இருந்திருக்காது. ஜன்னலில் என்னைப் பார்த்து டீச்சர், "உள்ள வந்து உக்காருங்க அக்கா, பின்னாடி பெஞ்சு காலியாத்தான் இருக்கு" என்பார்கள். "இருக்கட்டும் டீச்சர்" என்பேன். துடைப்பத்தோடு போய் எப்படி உட்காருவது? துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டுப் போகலாம் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அவர்கள் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் வட்டத்தில் இரண்டு பேருக்கு இடம். இரண்டாவதில் எட்டுப் பேருக்கு. மூன்றாவதில் பதினெட்டுப் பேருக்கு. உள்ளே நிரம்பினால்தான் வெளியே போக வேண்டும். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று ஒவ்வொன்றாகப் புள்ளி கூடிக்கொண்டே போகும். பதினெட்டாவது ஆர்கான். இரண்டு, எட்டு, எட்டு. அங்கே வரும்போது நான் மணி அடிக்க ஓடிவிடுவேன். மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அது கட்டடத்தின் அந்தக் கோடி. எந்த வருஷமும் எனக்கு ஆர்கானோடு பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு டீச்சர் சொன்னதெல்லாம் மணிச் சத்தத்தில் போயிற்று. அடித்ததும் நானேதான்.

ஒரு வருஷம், ஆபீசர் வருகிறார் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் டீச்சர் நீடிப்பார்கள், இல்லையென்றால் வேறு ஆள். தலைமையாசிரியர் அதை வராந்தாவில் வைத்தே சொன்னதால் எனக்கும் தெரியும். டீச்சர் வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகும் இருந்து, இருபது அணுக்களையும் கலர் சாக்பீஸில் பலகை முழுக்க வரைந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் போனார்கள்.

சனிக்கிழமை காலை தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். திங்கட்கிழமைக்குள் எல்லாப் பலகையும் கருகருவென்று இருக்க வேண்டும்.

நான் குள்ளம். பெஞ்சு மேல் ஏறி இடது பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டே போவது வழக்கம். ஒன்பதாம் வகுப்பிலும் அப்படியே போனேன். பழைய பாடம் என்று நினைத்தேன். கை வேலை செய்யும்போது புத்தியை வீட்டில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு உண்டு. வலது மேல்மூலையில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அழிக்க வேண்டாம்.' படித்து முடித்தபோது பலகையில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பெஞ்சிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குள் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பிறகு அந்த மூலையையும் தேய்த்து முடித்தேன். தலைமையாசிரியரிடம் சொல்ல வாய் வராது. டீச்சரின் போன் நம்பர் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பலகை காய்ந்திருந்தது. டப்பாவில் கலர் சாக்பீஸ் மீதி இருந்தது. நானே வரைந்தேன். கோலம் போடுகிற கைதானே என்பீர்கள். என் கோலத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் வளையலை வைத்து முதல் வட்டம், மருந்து டப்பா மூடியை வைத்து இரண்டாவது, செம்பு மூடியை வைத்து மூன்றாவது. எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தேன். ஆர்கான் வரைக்கும் கை தடுமாறவில்லை. பாக்கி இரண்டின் பெயர், பொட்டாசியம், கால்சியம், பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுத் தெரியும். புள்ளி எங்கே என்று தெரியாது. யோசித்தேன். பதினெட்டுப் பேருக்கு இடமுள்ள வட்டத்தில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். பத்து இடம் காலி. பத்தொன்பதாவது ஆளை அங்கேயே உட்கார வைத்தேன். இருபதாவதையும். மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று மறுபடி எழுதினேன். அது மட்டும் கோணலாக வந்தது.

திங்கட்கிழமை டீச்சருடைய பஸ் வருவதற்குள் ஆபீசர் வந்து இளநீர் குடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல நேரமே இல்லை. டீச்சர் உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். பிறகு பாடத்தை ஆரம்பித்தார்கள். நான் ஜன்னலோரம் ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசருக்குக் கண் சொக்கியது. இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், பொட்டாசியம் தப்பா கீது."

பரிமளாதான். ஆபீசர் விழித்துக்கொண்டார். "என்னம்மா தப்பு?"

"கடைசி வட்டத்துல எட்டுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு டீச்சர்தான் சார் சொன்னாங்க. இங்க ஒம்போது கீது. கால்சியமும் தப்பு சார். பத்து கீது."

டீச்சர் பலகையைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். என் கையில் இருந்தது துடைப்பம், அதன் மேல் நீலமும் சிவப்புமாகக் கலர்ப் பொடி, கோவை இலைப் பச்சை ஏறிய விரல்கள். இந்தம்மா அழித்துவிட்டுக் கிறுக்கிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் தலை தப்பும். சொன்னால் அது உண்மையும்கூட. எனக்கு விக்கல் வந்தது.

"உக்காரு பரிமளா. இதை யாரு கண்டுபிடிக்கிறாங்கன்னு பாக்கத்தான் இருந்தேன். வா, வந்து திருத்து."

அவள் வந்து ஒரு புள்ளியை அழித்து, நாலாவதாக ஒரு வட்டம் போட்டு, அதில் அதைத் தனியாக வைத்தாள். கத்தரிக்காய் மாதிரி வட்டம். கால்சியத்திலும் அப்படியே இரண்டு புள்ளியை வெளியே எடுத்து வைத்தாள். ஆபீசர் நோட்டில் என்னவோ எழுதினார். நான் மணி அடிக்கப் போனேன். அன்றைக்கு மணி இரண்டு நிமிஷம் லேட் என்று தலைமையாசிரியர் திட்டினார். டீச்சர் நீடித்தார்கள்.

மத்தியானம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வந்தார்கள். "வட்டம் ரொம்ப அழகா இருந்துச்சுக்கா. எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. பாத்ததுமே நான் போட்டது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. எதை வச்சுப் போட்டீங்க?"

"மூடி."

"அந்தப் பத்தொன்பதாவதை ஏன் அங்க வச்சீங்க?"

அவ்வளவு நீளமாக நான் அதுவரை அவர்களிடம் பேசியதில்லை. "பதினெட்டு பேரு குந்தற எடம்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர். பத்து எடம் காலியா கீது. உள்ள எடத்த வெச்சிக்கினு ஒருத்தன் வெளில போய் தனியா நிக்கறது இன்னா ஞாயம்?"

அவர்கள் சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகத்துல இதுக்குப் பதில் இல்லைக்கா. பதினொண்ணாவதுல வரும். உக்காருங்க, சொல்றேன்" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஆரம்பித்தார்கள். எனக்கு மணி அடிக்க நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு இருந்த வருஷங்களில் அந்தக் கேள்வியை அவர்களே வகுப்பில் கேட்பார்களாம். பரிமளாவின் தங்கை சொன்னாள். ஆர்கான் முடிந்த பிறகு கேட்பார்களாம். அப்போது நான் வேப்பமரத்தடியில் இருப்பேன். பிறகு வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்துப் போனார்கள்.

ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கரும்பலகை இருந்த சுவரில் பெரிய டிவி மாதிரி ஒன்று. அதில் அணு தானாகவே சுற்றுகிறது. வட்டமெல்லாம் மூடி வைத்துப் போட்டதுபோல் இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை. அழிக்கவும் ஆள் இல்லை. கோவைக்கொடி ஏரிக்கரையில் சும்மா கிடக்கிறது. மணியும் கரண்டில் தானே அடித்துக்கொள்கிறது. வேப்பமரக் கிளையில் கம்பி இறுக்கிய தழும்பு இருக்கிறது, தண்டவாளத் துண்டு இல்லை.

நான் எழுதிய கணக்கு சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பாருங்கள். இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. மூன்றாவதில் பதினெட்டுக்கு இடம் என்பதும் சரிதானே? பதினோராவது படித்தவர்கள் பக்கத்தில் இருந்தால், அந்தப் பத்து இடமும் ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. இப்போது எனக்கு மணி அடிக்கிற வேலை இல்லை.