சக்கரத்தில் சந்தனம்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு ஸ்கேட்ஸ். கோச் அதன் சக்கரத்தை விரலால் தட்டினார். சுற்றவில்லை. அடுத்ததைத் தட்டினார். அதுவும் சுற்றவில்லை.

அன்று விஜயதசமி. அடையாறில் ஒரு பள்ளியின் சிமெண்ட் தளம். ஏழு மணிக்கு எங்கள் மயிலாப்பூர் பெண்களுக்கும் நங்கநல்லூர் அணிக்கும் கடைசி லீக் ஆட்டம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. ஆட்டம் ஐஸ் ஹாக்கிதான். சென்னையில் ஐஸ் இல்லாததால் பூட்ஸின் அடியில் கத்திக்குப் பதிலாக வரிசையாக நான்கு சக்கரங்கள். வளைந்த மட்டை, பக் என்கிற தட்டை வட்டு, இடி, தள்ளு எல்லாம் உண்டு. என் மகள் கோல்கீப்பர். அந்த சீசன் முழுக்க வார இறுதிகளில் வேலிக்கு வெளியே நின்று கத்திவிட்டு, திங்கட்கிழமை செய்தி ஆசிரியர் கூட்டத்தில் குரல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிரா ஆனாலே அரையிறுதி. எங்கள் கேப்டன் மூன்று வருடமாக ஆடுகிறாள். அரையிறுதியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வருடம். தோற்றால் இந்த அணியில் அவளுடைய ஆட்டம் அன்றோடு சரி.

முந்தின நாள் ஆயுத பூஜை. வருடா வருடம் செய்வதுபோல எல்லா ஸ்கேட்ஸையும் கேப்டன் வீட்டுக் கூடத்தில் வாழை இலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பைக்குக்கு வைப்பதுபோலத்தான். ஆனால் ஸ்கேட்ஸில் அந்த நடுவில்தான் சக்கரத்தைச் சுழல வைக்கும் பேரிங் இருக்கிறது. மற்ற வருடங்களில் பூஜைக்குப் பிறகு ஒரு வாரம் ஆட்டம் இருக்காது. நிதானமாகக் கழற்றிக் கழுவுவார்கள். இந்த முறை மறுநாளே ஆட்டம். பூஜையில் வைத்ததை விடியும்வரை தொடக் கூடாது என்பதால் யாரும் ஒரு சக்கரத்தைக்கூடச் சுற்றிப் பார்க்கவில்லை. சந்தனம் உள்ளே இறங்கி இரவெல்லாம் காய்ந்திருந்தது.

"இன்னா மேடம் இது," என்றார் கோச். ராயப்பேட்டைக்காரர். "சாமி நெத்தில கீறத வுட இதுக்குள்ள கீறது ஜாஸ்தி."

"பொட்டு மாதிரிதான் சார் வெச்சேன்," என்றார் கேப்டனின் அம்மா. "அது வழிஞ்சுண்டு உள்ள போகும்னு யாருக்குத் தெரியும்?"

"கேப்டன் ஷூவுக்கு மட்டும் ரெண்டு தபா வெச்சீங்களா?"

கேப்டன் சொன்னாள்: "மூணு தடவை சார். கடைசி மேட்ச்னு."

பெற்றோர் அத்தனை பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்ற ஆரம்பித்தோம். யாரோ ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுத்து டிபன் டப்பா மூடியில் ஊற்றினார்கள். பேரிங்கை அதில் அலசினால் மஞ்சளாகக் கரைந்து வந்தது. பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து தலையைச் சுற்றியது. நங்கநல்லூர் அப்பா ஒருவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். "நாங்க எலுமிச்சம்பழத்தோட நிறுத்திட்டோம் சார்," என்று சொல்லிக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. கேப்டனுடையதை நெம்பும்போது ஒரு பேரிங் உடைந்து, உள்ளிருந்த இரும்புக் குண்டுகள் படிக்கட்டில் தெறித்து ஓடின. மாற்று இல்லை; மற்றவர்களுடைய சக்கரங்கள் வேறு அளவு. கடைகள் மூடியிருந்தன. இடது காலில் இனி மூன்று சக்கரம்தான். நிற்கலாம், பாய முடியாது. சீசனில் நாங்கள் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் அவள் அடித்தவை.

அவள் என் மகளிடம் வந்தாள். "பேடைக் கழட்டு. நான் கோல்ல நிக்கறேன்."

"அப்ப நான்?"

"முன்னாடி போ."

"அக்கா, எனக்கு வேகமா போகவே வராது."

"யாரு போகச் சொன்னா? அவங்க கீப்பர் மூஞ்சிய மறைச்சிட்டு நில்லு. நகராத."

"பஸ் ஸ்டாண்டுல நிப்பியே, அப்டி நில்லு," என்றார் கோச்.

முதல் பாதியில் நங்கநல்லூர் விடாமல் அடித்தது. கேப்டன் மார்பில் ஒன்றை வாங்கினாள், முழங்காலில் ஒன்று. மூன்றாவது அவள் கைக்கு அடியில் நழுவி உள்ளே போனது. வேலிக்கு இந்தப் பக்கம் அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து கண்மூடித்தனமாக ஓங்கி அடித்தாள். அது, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றிருந்த என் மகளின் கணுக்காலில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போனது. எதிரணி கீப்பர் பார்க்கவே இல்லை. என் மகளும்தான். நான் வேலியில் ஏறியிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். அவர்களுடைய உயரமான பெண் தனியாகப் பக்கோடு வந்தாள். குறுக்கே யாரும் இல்லை. கேப்டன் கோலில் காத்திருக்கவில்லை. வலது காலால் உந்தி முன்னே வந்து முழங்காலில் விழுந்து, அப்படியே சறுக்கி மட்டையைக் கிடையாக நீட்டினாள். இருவரும் மோதி உருண்டார்கள். வட்டு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர் குனிந்து பார்த்தார். அது அவள் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நடுவர் விசில் ஊதினார்.

"எழுந்திரும்மா, முடிஞ்சிடுச்சு," என்றார் கோச்.

"நிஜமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அரையிறுதி அடுத்த சனிக்கிழமை நடந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் புதுப் பேரிங்கோடு கேப்டன் அடித்தாள்.